ஸ்டூடியோ கலை படிக்க நான்கு வழிகள்: எது யாருக்குப் பொருந்தும்?

பள்ளி முடிக்கும்போது வரைவதை விட்டுவிட மனமில்லாத ஒருவர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. முதலாவது பி.எஃப்.ஏ. (நுண்கலை இளங்கலை): ஓவியம், சிற்பம், பதிப்போவியம் (அச்செடுத்து உருவாக்கும் படங்கள்) என்று ஏறக்குறைய முழுநேரமும் ஸ்டூடியோவிலேயே கழியும் பட்டப்படிப்பு. இரண்டாவது, பொதுப் பல்கலைக்கழகத்தில் ஸ்டூடியோ கலையை முதன்மைப் பாடமாக எடுத்து, கூடவே அறிவியல், வரலாறு, மொழி என்று மற்றதையும் படிக்கும் பி.ஏ. மூன்றாவது, வேறொரு துறையில் பட்டம் வாங்கிக்கொண்டு கலையைத் துணைப்பாடமாக வைத்துக்கொள்வது. நான்காவது, பட்டமே வேண்டாம் என்று ஓர் ஓவியரின் பட்டறையிலோ தனியார் பயிற்சிக்கூடத்திலோ சேர்ந்துவிடுவது.

வீட்டில் இந்தப் பேச்சு எழுந்தால் "வேலை கிடைக்குமா?" என்பதுதான் முதல் கேள்வி. கேட்பதில் தப்பில்லை, அதற்கும் வருகிறேன். ஆனால் பதினெட்டு வயதில் இந்த நான்கில் ஒன்றைப் பிடிக்கிறவர் உண்மையில் தேர்ந்தெடுப்பது தன் வாரத்தை. திங்கள் முதல் ஞாயிறு வரை எத்தனை மணி நேரம் கையில் தூரிகையோ களிமண்ணோ இருக்கும், எந்த அறையில், யார் வந்து பார்ப்பார்கள்? பட்டத்தின் பெயர், கல்லூரியின் தரவரிசை எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

மணிக்கணக்கு

அமெரிக்க முறையில் நான்காண்டுப் பட்டத்துக்குச் சுமார் 120 கிரெடிட் (பாடச் சுமையை அளக்கும் அலகு). பி.எஃப்.ஏ.வில் அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கலைப் பாடங்களாக இருக்கும். பி.ஏ.வில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குச் சற்றுக் குறைவு வரை. காகிதத்தில் பார்த்தால் 80க்கும் 40க்கும் உள்ள வித்தியாசம், நடைமுறையில் இன்னும் பெரிது. மூன்று கிரெடிட் வரலாற்று வகுப்பு வாரத்துக்கு மூன்று மணி நேரம் நடந்தால், மூன்று கிரெடிட் ஓவிய வகுப்பு பெரும்பாலும் ஆறு மணி நேரம் நடக்கும். நான்கு ஸ்டூடியோ வகுப்புகள் எடுக்கும் பி.எஃப்.ஏ. மாணவருக்கு வகுப்பு மட்டுமே 24 மணி நேரம். வகுப்புக்கு வெளியே செய்ய வேண்டியது தனி.

பட்டத்தின் பெயரை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். பிரிட்டனில் நுண்கலைப் பட்டத்துக்குப் பி.ஏ. என்றே பெயர். ஆனால் மூன்று ஆண்டும் ஏறக்குறைய முழுக்க ஸ்டூடியோதான், அதற்கு முன்பே ஓராண்டு ஃபவுண்டேஷன் என்ற அடிப்படைக் கலைப் படிப்பை முடித்துவிட்டு வருகிறவர்கள் பலர். ஆகவே நான் இங்கே பி.ஏ. என்று சொல்வது, கலையும் மற்ற பாடங்களும் கலந்த படிப்பை. உங்கள் கையில் இருக்கும் விண்ணப்பம் எந்த வகை என்பதைப் பாடத்திட்டத்தைப் புரட்டி, ஸ்டூடியோ வகுப்புகளை எண்ணித்தான் தெரிந்துகொள்ள முடியும்.

பி.ஏ.வின் உண்மையான சிரமம் நேரம் குறைவு என்பதைவிட, இருக்கிற நேரமும் துண்டு துண்டாகக் கிடைக்கிறது என்பது. எண்ணெய் வண்ணத்தில் வேலை செய்கிறவர் வண்ணத்தட்டைத் தயார்செய்து, நேற்று விட்ட இடத்தைக் கண்ணால் பிடித்து, கை ஓடத் தொடங்குவதற்கே அரை மணி நேரம் ஆகும். முடித்ததும் தூரிகை கழுவ இன்னொரு அரை மணி. இடையில் கிடைப்பது இரண்டு மணி நேரம்தான் என்றால் படம் நகராது. களிமண் இன்னும் பிடிவாதமானது. வனைந்த பாத்திரம் பாதி காய்ந்து, தோல் போல உறுதியாகும் பதத்தில்தான் அதன் அடியைச் சீவவும் கைப்பிடி ஒட்டவும் முடியும். அன்றைக்கு உங்களுக்குப் பொருளாதாரத் தேர்வு இருக்கிறது என்று அது காத்திருக்காது. பிறகு முழுதாகக் காய வேண்டும், சுமார் 1,000 டிகிரி செல்சியஸில் முதல் சூடு, மெருகுப் பூச்சு, அதற்கப்புறம் கல்மண் (ஸ்டோன்வேர்) வகையானால் 1,200 டிகிரிக்கு மேல் இரண்டாவது சூடு. சூளை ஆறவே ஏறக்குறைய ஒரு நாள். செராமிக்ஸ் மாணவரின் நாட்காட்டியை எழுதுவது சூளைதான்.

இதனால்தான் களிமண், உலோகம், கண்ணாடி, பதிப்போவியம் பக்கம் ஏற்கெனவே மனம் உறுதியாகப் போய்விட்டவர்களுக்கு பி.எஃப்.ஏ.வை நான் தயங்காமல் சொல்வேன். வரைவதும் வண்ணம் தீட்டுவதும் மட்டும் என்றால் துண்டு நேரத்தையும் ஒருவழியாகச் சமாளிக்கலாம். ஸ்கெட்ச்புக் எங்கும் வரும்.

யார் சொல்லித் தருகிறார்

இந்த இடத்தில் ஜோசஃப் ஆல்பர்ஸ் என்ற ஆசிரியரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்றைய கலைப் பட்டங்களின் முதலாண்டு எங்கிருந்து வந்தது என்பதற்கு அவருடைய பயணமே விளக்கம்.

ஜெர்மனியின் வைமர் நகரில் 1919இல் வால்டர் குரோபியஸ் தொடங்கிய பவ்ஹவுஸ் பள்ளியில், பட்டறைகளுக்குள் போகும் முன் எல்லா மாணவரும் அடிப்படைப் பயிற்சி ஒன்றை முடிக்க வேண்டும். முதலில் அதை நடத்தியவர் யொஹானஸ் இட்டன். அவர் 1923இல் விலகியபின் மொஹோய்-நாகியும் ஆல்பர்ஸும் பொறுப்பேற்றார்கள். ஆல்பர்ஸின் புகழ்பெற்ற பயிற்சி வெறும் காகிதம்: ஒரு தாளைக் கொடுத்து, வீணாக்காமல், அந்தப் பொருளால் என்ன முடியும் என்று கண்டுபிடிக்கச் சொல்வார். மடித்தால் நிற்கிறது, கீறினால் வளைகிறது. அழகாக வரைவது அங்கே பேச்சே இல்லை. இன்று உலகின் பல கலைக் கல்லூரிகளில் இரு பரிமாணம், முப்பரிமாணம், நிறம் என்று நடக்கும் ஃபவுண்டேஷன் வகுப்புகள் பெரும்பாலும் இந்த வழியில் வந்தவை.

நாஜி அரசின் நெருக்கடியில் பவ்ஹவுஸ் 1933இல் மூடப்பட்டது. ஆல்பர்ஸ் அதே ஆண்டு அமெரிக்காவின் வட கரோலினாவில் புதிதாகத் தொடங்கிய பிளாக் மவுண்டன் கல்லூரிக்குப் போனார். அது கலைக் கல்லூரி அல்ல. பொதுப் படிப்பின் நடுவில் கலையை வைத்த ஒரு சிறு கல்லூரி. கட்டிட வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் அங்கே கோடை வகுப்பு எடுத்தார், மெர்ஸ் கன்னிங்ஹாம் நடனம் சொல்லித் தந்தார். சிற்பி ரூத் அசாவா 1946 முதல் 1949 வரை அங்கே படித்தவர். 1947இல் மெக்சிகோ போனபோது கூடை பின்னும் கைவினைஞர்களிடம் கம்பி பின்னும் முறையைக் கற்றார். பின்னால் அவருக்குப் பெயர் வாங்கித் தந்த தொங்கும் கம்பிச் சிற்பங்கள் அதிலிருந்து பிறந்தவை. 1950இல் ஆல்பர்ஸ் யேல் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். பின்னாளில் சிற்பியாகப் பெயர்பெற்ற ஈவா ஹெஸ்ஸே அங்கே அவரிடம் படித்து 1959இல் பட்டம் பெற்றார்.

தொழில்முறைப் பள்ளி, பொதுப் படிப்புக் கல்லூரி, பெரிய பல்கலைக்கழகம். மூன்றிலும் அதே ஆசிரியர், மூன்றிலும் நல்ல கலைஞர்கள் வந்திருக்கிறார்கள். ஆகவே பி.எஃப்.ஏ.வா பி.ஏ.வா என்று மண்டையை உடைத்துக்கொள்வதற்கு முன், முதலாண்டு வகுப்பை யார் எடுக்கிறார் என்று விசாரியுங்கள். பெயர்பெற்ற கலைஞர்களின் படங்களைக் கையேட்டின் அட்டையில் போட்டுவிட்டு, முதலாண்டை முழுக்க முதுகலை மாணவர்களிடமும் பகுதிநேர ஆசிரியர்களிடமும் ஒப்படைத்துவிடும் துறைகள் உண்டு. பகுதிநேரக்காரர்களில் மிகச் சிறந்தவர்கள் இருக்கிறார்கள், அது வேறு. ஆனால் அவர் அடுத்த செமஸ்டரில் இருப்பாரா என்பது அவருக்கே தெரியாது. உங்கள் வேலையை நான்கு ஆண்டு தொடர்ந்து பார்த்த ஒருவர் இல்லாமல் போவது பெரிய நஷ்டம்.

கிரிட்டிக்

ஸ்டூடியோ படிப்பின் உயிர் இதில்தான் இருக்கிறது. செய்ததைச் சுவரில் மாட்ட வேண்டும். ஆசிரியரும் உடன் படிப்பவர்களும் சுற்றி நின்று அரை மணி நேரம் பேசுவார்கள். சில வகுப்புகளில் செய்தவர் முதலில் வாய் திறக்கவே கூடாது. இந்த இடத்தை ஏன் இப்படி விட்டாய், இது வேண்டுமென்றே செய்ததா தானாக வந்ததா, இந்த அளவு ஏன், இதைவிடச் சிறியதாக இருந்தால் என்ன ஆகும்? பாராட்டு கிடைத்தாலும் அதோடு விடமாட்டார்கள்.

முழுநேரக் கலை மாணவர்கள் மட்டும் இருக்கும் அறையில் இது கூர்மையாக நடக்கும். கேள்வி கேட்கிறவரும் அடுத்த வாரம் சுவரில் மாட்ட வேண்டியவர் என்பதால் யாரும் மேலோட்டமாகப் பேசமாட்டார்கள். அதன் மறுபக்கம், இரண்டே ஆண்டில் எல்லோரும் ஒரே மாதிரிப் பேசவும், கொஞ்சம் கொஞ்சமாக ஒரே மாதிரிச் செய்யவும் தொடங்கிவிடுவார்கள். ஒரு கல்லூரியின் இறுதியாண்டுக் கண்காட்சிக்குள் நுழைந்ததும் அந்த ஆசிரியர்களின் ரசனை சுவர் முழுக்கத் தெரிந்தால், அங்கே சேர்வதற்கு முன் யோசியுங்கள்.

பி.ஏ. வகுப்பில் கதை வேறு. உயிரியல் மாணவர் ஒருவர், கலைப் பாடம் ஒன்று கட்டாயம் என்பதற்காக வந்து உட்கார்ந்திருப்பார். "இது எனக்குப் புரியவில்லை" என்று நேராகச் சொல்லும் பார்வையாளர் கிடைப்பது நல்லதுதான். ஆனால் முதல் இரண்டு ஆண்டுகள் கிரிட்டிக் பெரும்பாலும் மரியாதையாகவே போய்விடும், "நிறம் நன்றாக இருக்கிறது" என்பதோடு நிற்கும். பி.ஏ.வின் மிகப் பெரிய குறையாக நான் நினைப்பது இதையே. கலையை முதன்மைப் பாடமாக எடுத்தவர்களுக்கு மட்டும் என்று மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் தனி வகுப்பு இருக்கிறதா, வெளியிலிருந்து கலைஞர்களை வரவழைத்து மாணவர் வேலையைப் பார்க்கச் சொல்கிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். இரண்டுமே இல்லையென்றால் அது பொழுதுபோக்குக்காக நடத்தும் துறை என்று வைத்துக்கொள்ளலாம்.

துறைகளுக்குள் ஒரு சாய்வும் இருக்கும். கலிஃபோர்னியாவின் கால்ஆர்ட்ஸ் கலைக் கல்லூரியில் 1970இல் கலைஞர் ஜான் பால்டெசாரி "போஸ்ட்-ஸ்டூடியோ" என்ற வகுப்பைத் தொடங்கினார். தூரிகையும் உளியும் இல்லாமல் கருத்து, புகைப்படம், வீடியோ, எழுத்து வழியாகக் கலை செய்கிறவர்களுக்கான வகுப்பு அது. அந்தப் போக்கு வலுத்த துறைகளில் உருவ வரைதலை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரமாட்டார்கள். எதிர்ப்பக்கம், மாடலை வைத்து மூன்று வாரம் ஒரே படம் வரையச் சொல்லும் துறைகளும் இருக்கின்றன. இரண்டுமே நியாயமான கல்விதான். ஒன்றை எதிர்பார்த்து மற்றொன்றில் போய் மாட்டிக்கொள்வதுதான் பிரச்சினை.

வேறு பாடம் படித்துக்கொண்டே

மூன்றாவது வழிக்கு ஆதரவாகக் காட்டக்கூடிய பெயர்கள் நிறைய. ஓவியர் கே. ஜி. சுப்பிரமணியன் சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர், 1944இல்தான் சாந்திநிகேதனின் கலைப் பள்ளியான கலாபவனுக்குப் போனார். ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கி சட்டமும் பொருளாதாரமும் படித்து, பேராசிரியர் பதவி தேடி வந்தபோது அதை விட்டுவிட்டு 1896இல் ஓவியம் கற்க மியூனிக் கிளம்பினார். அப்போது வயது முப்பதை ஒட்டி. அமெரிக்கச் சிற்பி டொனால்ட் ஜட் 1953இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பெற்ற பட்டம் தத்துவத்தில்.

இந்தப் பெயர்களைச் சொல்லி வீட்டில் அடிக்கடி சமாதானப்படுத்துவார்கள்: "பொறியியல் முடி, அப்புறம் வரைந்துகொள்." கூர்ந்து பார்த்தால் இந்த மூவரின் கதையும் அந்த அறிவுரைக்கு உதவாது. சுப்பிரமணியன் கலாபவனில் நான்கு ஆண்டு முழுநேரம் படித்தார். காண்டின்ஸ்கி வேலையை விட்டுவிட்டுப் பள்ளியில் உட்கார்ந்தார். ஜட் கொலம்பியாவில் தத்துவம் படித்த காலத்திலேயே நியூயார்க்கின் ஆர்ட் ஸ்டூடண்ட்ஸ் லீக்கில் ஓவியம் பயின்றுகொண்டிருந்தார். யாருமே ஸ்டூடியோ நேரத்தைத் தவிர்க்கவில்லை, அதை வேறு இடத்திலோ வேறு வயதிலோ கொடுத்தார்கள். துணைப்பாடமாக எடுக்கும் ஐந்தாறு வகுப்புகள் கண்ணைத் திறக்கும், கையைப் பழக்கும், அவ்வளவுதான். அந்த இன்னொரு துறையின் மேல் உண்மையாகவே ஆசை இருக்கிறவருக்கு இது நல்ல வழி. ஆசை இல்லாத துறையைப் பாதுகாப்புக்காக எடுத்து, கலையையும் ஓரமாக வைத்துக்கொண்டால் இரண்டிலும் சுமாராக முடியும் ஆபத்து இருக்கிறது.

பட்டறை வழி

நான்காவது வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பல்கலைக்கழகங்களில் கலை கற்பிப்பதே அண்மைக் காலப் பழக்கம். லண்டனில் ஸ்லேட் பள்ளி பல்கலைக்கழகக் கல்லூரியின் பகுதியாகத் தொடங்கியது 1871இல்தான். அதற்கு முன் நூற்றாண்டுகளாக ஓவியர்கள் பட்டறையிலும் அகாதமிகளிலும்தான் உருவானார்கள். இன்றும் பிளாஸ்டர் சிலையை வைத்து வெளிச்சமும் நிழலும், பிறகு உயிருள்ள மாடல், கடைசியில் வண்ணம் என்று மூன்று நான்கு ஆண்டு பயிற்றுவிக்கும் இடங்கள் இருக்கின்றன. யதார்த்த ஓவியம் மட்டுமே வேண்டும் என்பவருக்கு எந்தப் பல்கலைக்கழகமும் அந்த அளவு வரைதல் பயிற்சி தராது. பட்டம் கிடைக்காது என்பதால் முதுகலை, கல்லூரி ஆசிரியர் வேலை போன்ற கதவுகள் மூடியே இருக்கும். சிற்பம், அச்சு, வீடியோ பக்கம் பார்வையும் போகாது.

கருவிகள்

ஓவியருக்குப் படிப்பு முடிந்ததும் காற்றோட்டமான ஓர் அறை போதும். மற்றவர்களுக்கு அப்படி இல்லை. செப்புத்தகடு அச்சுக்கு உருளை இயந்திரம், கல்லச்சுக்குச் சுண்ணாம்புக் கல், வெண்கலம் வார்க்க 1,000 டிகிரிக்கு மேல் உருக்கும் உலை, இவற்றை இருபது வயதில் யாரும் சொந்தமாக வாங்க முடியாது. பட்டப்படிப்புக்குக் கட்டும் பணத்தில் பெரும்பங்கு இதற்கான வாடகை என்று நினைத்துக்கொண்டால் கணக்கு சரியாக வரும். ஆகவே கருவி இருக்கிறதா என்பதோடு விடாதீர்கள், மாணவர் எப்போது தொடலாம் என்றும் கேளுங்கள். சில இடங்களில் பி.எஃப்.ஏ. மாணவருக்கு மட்டும் இரவிலும் சாவி உண்டு, பி.ஏ. மாணவர் வகுப்பு நேரத்தில் மட்டும்தான் வரலாம். முழுநேரத் தொழில்நுட்ப உதவியாளர் இருக்கிறாரா என்பதும் முக்கியம். மர அறுப்பு இயந்திரம், அமிலத் தொட்டி, மண் தூசி இவற்றோடு தனியாக விடப்படும் மாணவருக்கு ஆபத்து. களிமண் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும் என்பதை முதல் நாளே சொல்லி, தரையைப் பெருக்க விடாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லும் பட்டறை நல்ல பட்டறை.

சொந்த இடம் எந்த ஆண்டில் கிடைக்கும் என்பதும் இதோடு சேர்ந்தது. ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் சுருட்டி அலமாரிக்குள் வைக்க வேண்டிய படத்தின் அளவு, அலமாரியின் அளவைத் தாண்டாது.

சரி, வேலை

எந்தப் பட்டமும் ஓவியம் விற்றுப் பிழைக்கலாம் என்று உறுதி தராது. கண்காட்சி வழி வருமானம் வரும் கலைஞர்களில் பலரும் பக்கத்தில் இன்னொரு வேலை வைத்திருப்பார்கள். ஆகவே அந்த இன்னொரு வேலை எது என்று யோசிப்பது நல்லது.

அனிமேஷன், விளக்கப்பட ஓவியம், கிராஃபிக் டிசைன் என்றால் கேட்பது போர்ட்ஃபோலியோவைத்தான், அதாவது நீங்கள் செய்த வேலைகளின் தொகுப்பை. அங்கே பி.எஃப்.ஏ.வின் ஆழம் எடுபடும். பலருக்குத் தெரியாத இன்னொரு வரிசை இருக்கிறது. பழைய ஓவியங்களைப் பழுதுபார்த்துக் காக்கும் கலைப் பாதுகாப்புத் துறையில் முதுகலை சேர வேதியியல், கலை வரலாறு, ஸ்டூடியோ மூன்றும் வேண்டும். கலைச் சிகிச்சைக்கு உளவியல். மருத்துவ விளக்கப்படத்துக்கு உயிரியலும் உடற்கூறும். இவை எல்லாவற்றுக்கும் பி.ஏ. நேர்வழி. பி.எஃப்.ஏ. முடித்தவர் விடுபட்ட அறிவியல் பாடங்களைப் பின்னால் தனியாகப் படிக்க வேண்டியிருக்கும். எம்.எஃப்.ஏ. என்ற நுண்கலை முதுகலைக்கு இரண்டு பட்டமும் செல்லும், தீர்மானிப்பது போர்ட்ஃபோலியோதான். பி.ஏ. முடித்தவர்களில் சிலர் அதைப் பலப்படுத்த இடையில் ஓராண்டு எடுத்துக்கொள்கிறார்கள்.

இரண்டுக்கும் நடுவில் தடுமாறுகிறவருக்கு

பி.எஃப்.ஏ.வுக்கு விண்ணப்பிக்கும்போதே போர்ட்ஃபோலியோ கேட்பார்கள், பொதுவாகப் பத்து முதல் இருபது வேலைகள். நடிகர்களின் புகைப்படத்தைப் பார்த்து அச்சு அசலாக வரைந்த பென்சில் படங்களைவிட, எதிரில் இருப்பதை நேராகப் பார்த்து வரைந்த நாற்காலிக்கும் கைக்கும்தான் மதிப்பு. ஸ்கெட்ச்புக் பக்கங்கள் இருந்தால் இன்னும் நல்லது. பல பல்கலைக்கழகங்களில் பி.ஏ.வுக்கு இது தேவையே இல்லை. பள்ளியில் கலை வகுப்பே இல்லாமல் வந்தவர், பதினேழு வயதில்தான் வரையத் தொடங்கியவர், இவர்களுக்குத் திறந்திருக்கும் வாசல் அதுதான்.

ஓவியமா சிற்பமா என்றே இன்னும் தெரியாதவர், வேறு ஒரு பாடமும் பிடித்தவர், இவர்கள் பி.ஏ.வில் தொடங்கட்டும் என்பது என் முடிவு. முதலாண்டில் நிரந்தர ஆசிரியர், இறுதியாண்டில் சொந்த இடம், இந்த இரண்டும் இருந்தால் மட்டும். இல்லையென்றால் பி.எஃப்.ஏ.வுக்கே போகலாம். பி.ஏ.வில் சேர்ந்து அங்கிருந்து பி.எஃப்.ஏ.வுக்கு மாறுவதும் இரண்டும் உள்ள பல இடங்களில் முடியும், பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில் நடக்கும் போர்ட்ஃபோலியோ பரிசீலனை வழியாக. எதிர்த்திசையில் மாறுவது கடினம்: பொதுப் பாடக் கிரெடிட்டுகள் பாக்கி நிற்கும், ஒன்றிரண்டு செமஸ்டர் கூடுதலாகிவிடும். மாறும் எண்ணம் கொஞ்சம் இருந்தாலும் முதலாண்டு வேலைகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தோற்றதாகத் தோன்றும் படத்தையும் நல்ல வெளிச்சத்தில் புகைப்படம் எடுத்து, அளவையும் தேதியையும் குறித்து வையுங்கள். பரிசீலனையில் அதையும் கேட்பார்கள்.